பதினோரு டிகிரியில் ஒரு பார்

பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்த இஞ்சி டீயைத் தம்பியால் ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே அணைத்துக்கொண்டு, ஆவியில் முகத்தைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தான். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொன்னேன். பாதி வழியில் நின்றுவிட்டது. நீருக்குள் இருந்தது பதினெட்டே நிமிடம். மணிக்கட்டில் கட்டியிருந்த கணினி காட்டிய நீரின் வெப்பநிலை 11 டிகிரி செல்சியஸ்.

அவன் அந்தமானில் ஸ்கூபா கற்றவன். ஹேவ்லாக் தீவின் வெதுவெதுப்பான நீரில், மெல்லிய உடுப்போடு ஒன்பது முறை இறங்கியிருக்கிறான். வேலை விஷயமாக சான் ஹோசேவுக்கு வந்து மூன்று மாதம் ஆவதற்குள், "அக்கா, நீங்க முங்குற இடத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டுவிட்டான். ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அழைத்து வந்தேன். கலிஃபோர்னியாவின் கார்மெல் ஊருக்குச் சற்றுத் தெற்கே, பசிபிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனை. பெயர் பாயின்ட் லோபோஸ். அங்கே வேலர்ஸ் கோவ் என்று ஒரு சிறு குடா இருக்கிறது. நாங்கள் கார் டிக்கியைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தது அதன் கரையில்தான்.

"ரெண்டு கேள்விக்கா" என்றான், பல் கிட்டிக்கொண்டே. "பவளமே இல்லையே, இதை ஏன் ரீஃப்னு சொல்றாங்க? அப்புறம், இந்தக் குளிர்ல எப்படி இவ்வளவு உயிரு இருக்கு?"

முதலில் டீயைக் குடி என்றேன். அன்று அவனுக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வெப்பக் கடலில் பழகிவிட்டுக் குளிர்கடலுக்கு வரும் எல்லோரிடமும் இதே இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்விக்குப் பதில் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. ரீஃப் என்ற சொல்லைப் பார்த்ததும் பவளப்பாறை என்று எழுதிப் பழகிவிட்டோம். மன்னார் வளைகுடா மீனவர்களுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. கடலடியில் மணலும் சேறும் இல்லாமல் கெட்டியாகத் தரை எழும்பி நிற்கும் இடம் அவர்களுக்குப் பார். முத்துச்சிப்பி ஒட்டி வளர்ந்தால் முத்துப்பார். பவளம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உயிர்கள் பற்றிக்கொள்ளக் கெட்டியான பிடிமானம் உண்டா என்பதே கணக்கு. பாயின்ட் லோபோஸின் அடியில் இருப்பது கருங்கல் பார். அலை அரித்த பிளவுகளும் செங்குத்துச் சுவர்களும் கொண்ட அந்தக் கல்லின் மேல், உள்ளங்கை அளவுகூட வெற்றிடம் விடாமல் உயிர்கள் குடியேறியிருக்கின்றன. ரீஃப் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல்லை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் கேள்வி பெரியது. அதற்கு அவன் கையிலிருந்த டீயே உதவியது.

சூடான டீயின் மேல் ஆடை படிந்திருந்தால் என்ன செய்வோம்? விளிம்பில் வாய் வைத்து ஊதுவோம். ஆடை எதிர்ப்பக்கம் ஒதுங்கும், ஒதுங்கிய இடத்தை நிரப்பக் கீழிருந்து டீ மேலே வரும். கலிஃபோர்னியக் கரையில் வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். வடமேற்கிலிருந்து காற்று, கரையை ஒட்டித் தெற்கு நோக்கி அடிக்கிறது. பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் நேரே போகாமல் வலப்பக்கம் விலகுகிறது. இங்கே வலப்பக்கம் என்றால் திறந்த கடல். கரையோர மேல்நீர் கடலுக்குள் ஒதுங்க, அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. பாயின்ட் லோபோஸுக்குப் பக்கத்திலேயே, மொனாஸ்டரி கடற்கரையின் காலடியிலிருந்து, கார்மெல் ஆழ்பள்ளத்தாக்கு தொடங்கி மான்டெரேயின் பெரும் பள்ளத்தாக்கில் போய்ச் சேர்கிறது. ஆழ்கடல் இவ்வளவு நெருக்கமாகக் கரைக்கு வரும் இடங்கள் அதிகமில்லை.

ஆழத்து நீர் குளிரை மட்டும் கொண்டுவருவதில்லை. ரசத்தை ஆறவிட்டால் மேலே தெளிவு நிற்கும், மண்டி அடியில் தங்கும். கடலும் அப்படித்தான். மேலே வாழ்ந்து மடியும் ஒவ்வொன்றின் மிச்சமும் கீழே இறங்குகிறது. நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் அங்கே சேர்கின்றன. அங்கே வெளிச்சம் இல்லாததால் எந்தத் தாவரமும் அவற்றைத் தொடுவதில்லை. அந்த நீர் வெயில்படும் மட்டத்துக்கு வந்ததும் கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள், அவற்றைத் தின்னும் மீன்கள் என்று பந்தி நீண்டுகொண்டே போகிறது. அந்தமானில் அவன் முப்பது மீட்டர் தூரம்வரை பார்த்த பளிங்கு நீர், மண்டி கலக்காத தெளிவு. அழகானது, ஆனால் சத்துக் குறைந்தது. பவளம் தன் உடலுக்குள்ளேயே பாசியை வளர்த்து, சத்தைச் சிந்தாமல் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துவதால்தான் அங்கே அவ்வளவு பெரிய குடியிருப்பைக் கட்ட முடிகிறது. இங்கே நாங்கள் இறங்கிய அன்று நாலைந்து மீட்டருக்கு அப்பால் எல்லாமே பச்சைப் புகை. "தண்ணி கலங்கலா இருக்கே" என்று மேலே வந்ததும் வருத்தப்பட்டான். அந்தக் கலங்கல்தான் இந்தக் கடலின் சாப்பாடு.

இது அயல்நாட்டு அதிசயமும் அல்ல. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கரையிலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலும் இதேபோல் அடிநீர் ஏறுகிறது. மத்தி மீன் கூட்டம் பெருகுவதற்குப் பின்னால் அந்தக் குளிர்ந்த நீர் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கோலி சோடாவை வெயிலில் வைத்தால் வாயு சீக்கிரம் போய்விடும், குளிரில் வைத்தால் தங்கும். கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனுக்கும் அதே விதி. 10 டிகிரி நீர் தாங்கக்கூடிய ஆக்சிஜன், 30 டிகிரி நீர் தாங்குவதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. குளிரில் உடல்கள் மெதுவாக இயங்குகின்றன, மூச்சுத் தேவை குறைகிறது, வளர்ச்சி நிதானமாகிறது, ஆயுள் நீள்கிறது. இந்தக் கரையின் ராக்ஃபிஷ் குடும்பத்தில் நூறாண்டுக்கு மேல் வாழும் இனங்களே உண்டு.

இனி அந்தப் பாரில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

இறங்கியதும் முதலில் வருவது கெல்ப் காடு. கெல்ப் என்பது பழுப்பு நிறப் பெரும்பாசி. வேர்போலத் தோன்றும் பிடிப்பால் பாறையைக் கவ்விக்கொண்டு, இலைக்கு இலை ஒரு காற்றுக் குமிழை வைத்து மிதந்து மிதந்து மேலே ஏறுகிறது. நல்ல காலத்தில் ஒரு நாளில் ஓர் அடி, சில சமயம் இரண்டடிகூட வளரும். மேல்மட்டத்தை எட்டியதும் படுத்துப் படர்ந்து கூரை போட்டுவிடும். கீழிருந்து பார்த்தால் எனக்கு எப்போதும் நினைவு வருவது வெற்றிலைக் கொடிக்கால். வெளியே உச்சி வெயில் கொளுத்தும்போது கொடிக்காலுக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே பச்சை, காலுக்குக் கீழே ஈரம், நடுவே சல்லடையில் சலித்ததுபோல் வெளிச்சம். அதே வெளிச்சம்தான் இங்கேயும். வித்தியாசம், இந்தக் கொடிக்கால் மூச்சுவிடுகிறது. அலை வரும்போது மொத்தக் காடும் கரைப்பக்கம் சாய்கிறது, அலை திரும்பும்போது கடல்பக்கம் சாய்கிறது. மீன்களும் அப்படியே போய் வருகின்றன. அதை எதிர்த்து நீந்துபவர்கள் ஐந்து நிமிடத்தில் களைத்துப்போவார்கள். அலையோடு போய், அது திரும்பும்போது ஏதாவது ஒரு பிளவில் காத்திருந்து, அடுத்த அலையோடு முன்னேற வேண்டும்.

காட்டைத் தாண்டினால் பாறைச் சுவர். டார்ச்சை அடிக்கும்வரை எல்லாம் சாம்பல் பச்சை. அடித்தால், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய கடல் சாமந்திகள் ஆயிரக்கணக்கில், குங்குமமும் ரோஜா நிறமுமாகச் சுவரையே மூடியிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஊதா நிறத்தில் கிளைவிட்ட ஹைட்ரோகோரல். பெயரில் பவளம் இருந்தாலும் அது வேறு வம்சம், ஹைட்ராவுக்குச் சொந்தம். மிக மெதுவாக வளரும், துடுப்புக்காலால் ஒரு தட்டுத் தட்டினால் உடைந்துவிடும். பிளவுக்குள் பெரிய வாயோடு லிங்காட் மீன் பாறையோடு பாறையாகப் படுத்திருக்கும். ஓடில்லாத வண்ண நத்தைகள் விரல்நகம் அளவில் ஊரும். தம்பி இவற்றில் கால்வாசியைத்தான் பார்த்தான். வெப்பக் கடலில் பழகிய கண் தூரத்தைத் தேடுகிறது. குளிர்கடலில் ஒரு முழ நீளச் சுவரின் முன்னால் பத்து நிமிடம் அசையாமல் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அவனால் நிற்க முடியவில்லை என்று சொல்வது நியாயமில்லை. அவன் உடம்பு நிற்கவிடவில்லை.

உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இதில்தான் ஆபத்து இருக்கிறது.

நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகத்தில் சூட்டைக் கடத்தும். இறங்கிய கணத்தில் முகத்தில் குளிர் அறைந்து மூச்சு படபடக்கும். அது அடங்கும்வரை மேல்மட்டத்திலேயே கயிற்றையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மூச்சு சீராகாமல் கீழே போகவே கூடாது. அடுத்து, உடல் தன் சூட்டைக் காக்கக் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்குகிறது. விரல் மரத்துப்போவது அதனால்தான். விரல் மரத்தால் காற்று வால்வைத் திருக முடியாது, கொக்கியைக் கழற்ற முடியாது, துணைக்கு வந்தவருக்கு உதவ முடியாது. சுருங்கிய இடத்து ரத்தமெல்லாம் நடுவுடலில் வந்து சேர, நீர் அதிகமாகிவிட்டது என்று ஏமாந்து சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. கடலுக்குள் இருந்துகொண்டே உடல் வறண்டுபோகிறது. வறண்ட உடலில் ரத்தத்திலுள்ள நைட்ரஜன் குமிழ்விடும் அபாயம் கூடும் என்பார்கள். ஆகவே இறங்குமுன் நீர் குடிக்க வேண்டும், ஏறியபின் சூடாக ஏதாவது குடிக்க வேண்டும். என் பிளாஸ்க் வெறும் ஆசைக்காக வருவதில்லை. ஆனால் மேலே வந்த கையோடு கொதிக்கும் வெந்நீரில் குளிப்பதைத் தள்ளிப்போடுங்கள். குளிர்ந்த உடலில் கரைந்திருக்கும் வாயு, திடீரென்று சூடு ஏறினால் குமிழ்விடப் பார்க்கும்.

அன்று தம்பி போட்டிருந்தது வாடகைக்கு எடுத்த 7 மில்லிமீட்டர் வெட் சூட். முதுகில் ஒரு பிடி தளர்வாக இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது. வெட் சூட்டுக்குள் புகுந்து சூடேறும் நீர்தான் நம்மைக் காக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காப்பது அந்த ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள். 1950களின் தொடக்கத்தில் பெர்க்லியில் இருந்த இயற்பியலாளர் ஹ்யூ பிராட்னர் பிடித்த புள்ளி அதுதான்: ஆள் நனையலாம், குமிழ்கள் இருந்தால் போதும். ஆனால் உள்ளே புகுந்த நீர் அசையாமல் இருக்க வேண்டும். தளர்ந்த உடுப்பில் ஒவ்வொரு அசைவுக்கும் சூடேறிய நீர் வெளியேறிப் புதுக் குளிர்நீர் உள்ளே வரும். இன்னொன்றும் உண்டு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது, குமிழ்கள் பாதியாகச் சுருங்குகின்றன. குளிர் கூடும் ஆழத்தில் கம்பளி மெலிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிரை சூட் வேறு வழி. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகிய பட்டை நீரைத் தடுக்கும், உள்ளே கம்பளி போன்ற உடை, அதற்குள் சிலிண்டரிலிருந்து அவ்வப்போது கொஞ்சம் காற்று. அருமையான ஏற்பாடு. ஆனால் தலைகீழானால் காற்றெல்லாம் காலுக்கு ஓடி, ஆளைப் பலூன்போல மேலே தூக்கிவிடும். தனிப் பயிற்சி இல்லாமல் யாரும் போடக் கூடாது. இரண்டு உடுப்புக்கும் ஈயக்கட்டி நிறைய வேண்டும். அந்தமானில் மூன்று கிலோவோடு மூழ்கியவன் இங்கே பத்து கிலோவுக்கு மேல் கட்டிக்கொண்டான். அந்தப் பாரத்தோடு படிக்கட்டு ஏறுவதே ஒரு வேலை.

நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கெல்ப் கூரையில் ஒரு கடல் நீர்நாய் மல்லாந்து படுத்து, மார்பில் எதையோ வைத்து உடைத்துத் தின்றுகொண்டிருந்தது. திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் உள்ள கொழுப்புக் கம்பளி நீர்நாய்க்குக் கிடையாது. அதன் கம்பளி ரோமம் மட்டுமே. ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் முடிவரை இருக்கும் என்கிறார்கள். மனிதத் தலை முழுக்கச் சேர்த்தாலே சுமார் ஒரு லட்சம்தான். அந்த நெருக்கத்துக்குள் காற்றை அடைத்து வைத்திருப்பதால் தோல் நனைவதே இல்லை. பிறவியிலேயே டிரை சூட். அப்படியும் சூட்டுக்கு ஈடுகட்ட, தன் எடையில் கால்பங்கு அளவு தினமும் சாப்பிட்டாக வேண்டும். அந்த ரோமத்துக்காகவே அதை வேட்டையாடி ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். 1938இல் தெற்கே பிக் சர் கரையில் ஐம்பது போல மிஞ்சியிருந்தது தெரியவந்தது. இன்று கலிஃபோர்னியாவில் சுமார் மூவாயிரம்.

இந்தக் குடாவில் மனிதர்களும் குளிரோடு போராடியிருக்கிறார்கள். 1850களில் சீன மீனவர்கள் கட்டிய மரக்குடில் இன்னும் கரையில் நிற்கிறது. 1890களின் இறுதியில் கென்னோசுகே கோடானி என்ற ஜப்பானியர், அபலோனி என்ற பெரிய கடல்நத்தையை எடுக்கத் தன் ஊர்ப்பக்கம் சிபாவிலிருந்து முக்குளிப்பவர்களை வரவழைத்தார். மூச்சை அடக்கி முங்கும் பரம்பரைக்காரர்கள் அவர்கள். இந்த நீரில் அந்தக் கலை செல்லவில்லை. கடைசியில் செப்புத் தலைக்கவசமும் காற்றுக் குழாயும் கொண்ட கனத்த உடுப்புக்கு மாறினார்கள். காலில் கல்லைக் கட்டி வெற்றுடம்போடு முத்துக் குளித்த நம் ஆட்களையும் நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு வாய்த்த கடல் வெதுவெதுப்பானது.

"கெல்ப்ல மாட்டிக்கிட்டா?" என்று தம்பி கேட்டான். மாட்டுவோம், பயப்பட வேண்டாம். உதறக் கூடாது, திரும்பிச் சுழலக் கூடாது, இரண்டும் இறுக்கத்தான் செய்யும். நின்று, பின்னால் கொஞ்சம் நகர்ந்து, தண்டை இரண்டாக மடித்தால் பென்சில்போல ஒடியும். ஏறும்போது கூரையில் வெளிச்சம் அதிகமாக விழும் இடைவெளியைத் தேட வேண்டும். ஆனால் மொனாஸ்டரி கடற்கரையைப் பற்றிப் பயப்படச் சொன்னேன். சாலையோரம், இறங்க எளிதாகத் தோன்றும். செங்குத்தான பருமணல் சரிவும் உடைந்து அறையும் அலையும் பலரின் உயிரைக் குடித்த இடம் அது.

1960இல் பாயின்ட் லோபோஸின் 750 ஏக்கர் கடலடியைக் காப்பிடமாக்கினார்கள். அமெரிக்காவில் கடலடிக்கென்று அப்படிச் செய்த முன்னோடிகளில் இதுவும் ஒன்று. மீன்கள் இங்கே பெருத்தும் பயமற்றும் இருப்பது அதன் பலன். ஆனால் வேலி போட்டுக் காக்க முடியாத ஒன்று குளிர். 2013இல் நட்சத்திர மீன்கள் உருகிச் சிதைந்து இறக்கத் தொடங்கின. இருபதுக்கு மேற்பட்ட கைகளோடு ஒரு மீட்டர்வரை விரியும் சூரியகாந்தி நட்சத்திர மீன் கலிஃபோர்னியாவிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தேவிட்டது. காரணம் விப்ரியோ வகைப் பாக்டீரியா ஒன்று என்று 2025இல்தான் உறுதியானது. 2014 முதல் 2016 வரை கடல் வழக்கத்தைவிடச் சூடாகக் கிடந்தது. சத்து ஏறவில்லை, கெல்ப் மெலிந்தது. ஊதாக் கடல் முள்ளெலிகளைத் தின்ன நட்சத்திர மீன் இல்லை. முள்ளெலிகள் பெருகி மிச்சக் கெல்ப்பையும் மேய்ந்துவிட்டன. வடக்குக் கலிஃபோர்னியாவில் கெல்ப் காட்டின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போயிற்று. மான்டெரே பக்கம் திட்டுத்திட்டாகவேனும் காடு நிற்பதற்கு நீர்நாய்கள் ஒரு காரணம். அவை மொட்டைப் பாறையில் பட்டினி கிடக்கும் சக்கை முள்ளெலிகளைத் தொடுவதில்லை. கெல்ப் மிஞ்சிய இடத்தில் சதைப்பற்றோடு இருப்பவற்றைத் தேடித் தின்கின்றன. அதனால் மிஞ்சிய காடு தப்பிக்கிறது, போன காடு திரும்புவதில்லை. தம்பியை விறைக்க வைத்த அந்த 11 டிகிரி இந்தப் பாருக்கு உயிர். அது 16 ஆனால் நமக்குச் சுகம், பாருக்குப் பஞ்சம்.

தம்பி டிரை சூட் பயிற்சி முடித்து அக்டோபரில் மறுபடி வந்தான். கையுறைக்குள் பிளாஸ்க் வெந்நீரை ஊற்றிக்கொண்டு இறங்கினோம். நாற்பத்திரண்டு நிமிடம் உள்ளே இருந்தான். அதில் பாதி நேரம் ஒரே சுவரின் முன்னால்.

கலிஃபோர்னியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு: இங்கே முன்பதிவு இல்லாமல் இறங்க விடமாட்டார்கள், தனியாகவும் விடமாட்டார்கள், சான்றிதழைக் கேட்பார்கள். முதல் முறை செப்டம்பரிலோ அக்டோபரிலோ வாருங்கள், அப்போதுதான் நீர் ஓரளவு தெளிந்திருக்கும். உடுப்பை முந்தைய நாளே போட்டுப் பாருங்கள், முதுகை இன்னொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும்போது ஒருவருக்கு நடுக்கம் கண்டால், சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சமிருந்தாலும், எல்லோரும் சேர்ந்து மேலே வந்துவிடுங்கள்.